பினாங்கிலிருந்து வந்த கடிதத்தின் மூன்று துண்டுகள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

என் வயதை ஒத்த தங்களுக்கே இதை எழுதுகிறேன். இளையவர்களுக்கு எழுதினால், இப்படியும் மனிதர்கள் இருந்தார்களா என்று சிரித்துவிட்டுப் போவார்கள். தங்களுக்கு அப்படித் தோன்றாது. தங்களில் பலருடைய பிள்ளைகள் இன்று கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள். தபால்காரர் சைக்கிளை நிறுத்தாமல் தெருவைக் கடந்து போகிற நாள்களில் தங்கள் வீட்டுக் குழம்பு ருசிப்பதில்லை என்பதை நான் அறிவேன். நான் பள்ளிக்கூடத்தில் அமர்ந்து படித்தவள் அல்லேன். காகிதத் துண்டுகளை வைத்துக்கொண்டு நானே எழுத்துக் கூட்டிப் பழகினேன். ஆகையால் சொல்லில் குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்க. செயலில் நேர்ந்த குற்றத்தை நானே சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில், சேரன்மாதேவிக்கு மேற்கே இருந்தது. நான் சொல்வது முதலாம் பெரிய யுத்தம் தொடங்குவதற்கு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கார் நெல் அறுப்புக் காலம். எனக்கு அப்போது ஏழு வயது. என்னைப் பெற்றவர்கள் இருவரும் ஒரே வாரத்தில் வாந்திபேதியில் போய்விட்டதால், என் தகப்பனாரின் தமையனாராகிய பெரியப்பாவும் பெரியம்மையும் என்னை வளர்த்தார்கள். அவர்களுக்கு ஒரே மகன். அவரை நான் அண்ணன் என்று அழைத்தேன். அவர் பினாங்குக்குக் கப்பலேறியபோது எனக்கு நான்கு வயதுதான். அதனால் அவருடைய முகம் என் நினைவில் இல்லை. நினைவில் இருப்பது அவருடைய குடுமி. என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு கால்வாயைக் கடக்கும்போது, பிடித்துக்கொள்ள அதைத்தான் கொடுப்பார். எண்ணெய் பூசிய முடி கையில் வழுக்கும்.

"இறுக்கிப் பிடிச்சுக்கோட்டி. நீ விட்டா தண்ணிக்குள்ள போயிருவ. அப்புறம் எங்கம்மை என்னைய வீட்டுக்குள்ள விடமாட்டா" என்பார்.

கல்யாணமாகி ஆறு மாதத்தில் புறப்பட்டுப் போனார். அவருடைய மனைவியை, என் மதினியை, எங்கள் வீட்டில் விட்டுப் போனார். பினாங்கில் ஒரு துணிக்கடையில் துணி அளந்து கொடுக்கும் வேலை. அவருக்கு அப்போது எழுதத் தெரியாது. அந்தக் கடையின் எழுத்தர் மணிமணியான கையெழுத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போடுவார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் அதை வந்து வாசித்துக் காட்டுவார். பெரியப்பாவுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும், கடிதத்தை வாங்கியவுடன் மேலெழுத்தின் வடிவத்தைப் பார்த்து, "நம்ம பய கடுதாசிதான்" என்று சொல்லிவிடுவார்.

மூன்றாம் ஆண்டில் கடிதத்தோடு ஒரு புகைப்படம் வந்தது. எங்கள் தெரு அதற்கு முன் கண்டறியாத பொருள் அது. அண்ணன் கோட்டு அணிந்து, ஒரு நாற்காலியின் முதுகில் கை வைத்து நின்றார். பக்கத்தில் காகிதப் பூ வைத்த சாடி. கன்னம் ஒட்டியிருந்தது. தலையில் குடுமி இல்லை. முடி ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. பெரியம்மை அந்தக் கன்னத்தைப் பார்த்தார். பெரியப்பா தலையைப் பார்த்தார்.

எங்கள் தெருவில் எல்லோரும் அண்ணாச்சி என்று மரியாதையாக அழைக்கும் ஒருவர் இருந்தார். அரிசி வியாபாரம், கோவிலில் அச்சுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு திருமுறை பாடுவார். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன வே, ஒம்ம மவன் வெள்ளைக்காரனுக்கு மருமவனாயிட்டானா?"

"வாயில வந்ததப் பேசாதீரும் அண்ணாச்சி."

"தலையில தொப்பி ஒண்ணுதான் குறையுது. அதையும் வச்சுட்டான்னா நாம எந்திரிச்சு நின்னுல்லா சலாம் போடணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆறு வயதில் எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்காமல் நின்றவர் பெரியப்பா ஒருவர்தான். அன்று மாலையே வாத்தியாரை வரவழைத்தார்.

"முடி வளருத வரைக்கும் இந்த வாசலுக்குக் கடுதாசி வரக்கூடாதுன்னு எழுதும்."

வாத்தியார் பேனாவை மைக்கூட்டில் தொட்டு, எழுதாமல் வைத்துக்கொண்டிருந்தார். "பையன் அங்கன தனியா இருக்கான். கொஞ்சம் தன்மையா எழுதலாம்."

"நான் சொன்னத எழுதத்தான வே ஒம்மக் கூப்பிட்டது. எனக்குக் கொள்ளி வைக்க வரப்போறவன் அவன். மொட்டத் தலையும் கோட்டுமா வந்து நிப்பானோ?"

பெரியம்மை கதவுக்குப் பின்னாலிருந்து, "மேலுக்கு முடியாம இருந்துருப்பானோ என்னமோ. கன்னத்தப் பாத்தீயளா?" என்றார். வாத்தியார் பெரியப்பா சொன்னபடியே எழுதிக் கொடுத்தார்.

அதன் பின்பு கடிதம் நின்றது.

தகப்பன் சொல்லை மகன் எழுத்துக்கு எழுத்து மதித்தான் என்பதுதான் அதற்குப் பொருள். ஆனால் எங்கள் வீட்டில் அதை யாரும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. பெரியப்பா, "ரோசக்காரப் பய" என்பார். பெரியம்மை வேறொரு வழி கண்டுபிடித்தார். மாதத்துக்கு ஒரு முறை என்னைக் கிணற்றடியில் உட்காரவைத்து, விளக்கெண்ணெய் தேய்த்துச் சிக்கெடுத்து, என் முடியைப் பிடரியிலிருந்து விரல்களால் அளப்பார். படம் வந்த மாதத்தில்தான் எனக்குக் கோவிலில் இரண்டாம் மொட்டை போட்டிருந்தார்கள். ஆகவே அண்ணன் முடியும் என் முடியும் ஏறக்குறைய ஒரே நாளில் வளரத் தொடங்கியவை என்பது அவருடைய கணக்கு.

"இவளுக்கு நாலு விரக்கடை வந்துட்டு. அவனுக்கும் நாலு விரக்கடை இருக்கும்" என்று மதினியிடம் சொல்வார்.

"அவுகளுக்குச் சீக்கிரம் வளரும் அத்தை. அடர்த்தி முடியில்லா" என்பார் மதினி. அவருக்கு வயது பத்தொன்பது. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்.

இன்னொன்றும் நடந்தது. பெரியம்மை ஒருநாள் ஈர்க்குச்சி நுனியில் கண்மை தொட்டு, புகைப்படத்தில் அண்ணன் தலைக்குப் பின்னால் ஒரு சின்னக் குடுமி வரைந்தார். மை சற்று வழிந்தும் விட்டது. பெரியப்பா அதைப் பார்த்தார். துடைக்கச் சொல்லவில்லை. அதுவரை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒதுக்கிப் போட்டிருந்த படத்தைத் தாமே எடுத்து மாடத்தில் சாய்த்து வைத்தார். அவர் இறங்கி வந்த தூரம் அவ்வளவுதான்; அதை எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

நிற்க. இனி, நான் சொல்லத் தயங்கி வந்த பகுதிக்கு வருகிறேன்.

அடுத்த ஆண்டு கார் நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. தெருவெங்கும் வைக்கோல் தூசி, கழுத்தில் அரிக்கும். எனக்கு முடி தோளைத் தொட்டுவிட்டது. "இந்த மாசம் கடுதாசி வந்துரும்" என்று பெரியம்மை சொல்லியிருந்தார். அதை நம்பி மதினி புதிதாகக் கண்மை கூட்டினார். கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து உலர்த்திய துணியைத் திரியாக்கி, விளக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே ஒரு பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வைப்பார். தட்டில் படிந்த கரியை வழித்து எண்ணெய் விட்டுக் குழைத்தால், நாவல்பழத் தோல் போல மின்னும். தொடக்கூடாது என்று எனக்குக் கட்டளை. ஆகவே அவர் புறக்கடைக்குப் போன நேரம் பார்த்துப் பெருவிரலால் ஒரு வழி வழித்தேன்.

"ஏட்டி, மைத்தட்டுல விரல் வச்சது யாரு?" என்று மதினி கேட்பதற்கும், வாசலில் தபால்காரர் குரல் கொடுப்பதற்கும் சரியாக இருந்தது. தப்பித்தோம் என்று வாசலுக்கு ஓடினேன்.

"கடல்தாண்டி வந்த கடுதாசி. ஓடிப் போயி ஒம் பெரியப்பாட்ட குடு. ஒங்கண்ணன் வந்துட்டான்னா எனக்கு ஒரு படி அரிசின்னு சொல்லு" என்று சிரித்துக்கொண்டே தபால்காரர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

மடித்து ஓரத்தில் பசை ஒட்டிய ஒற்றைத் தாள். மேலே, தாடி வைத்த அரசரின் தபால் தலை. அந்தத் தபால் தலையை எப்படியாவது வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை. களத்துக்குப் புறப்பட்டு வாசலில் நின்ற பெரியப்பாவிடம் கொடுத்தேன். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பிறகு அது சுருங்கியதையும் பார்த்தேன். மேலெழுத்து அவருக்குப் பழக்கமான கையெழுத்து அன்று. கோணல்மாணலாக, யாரோ எழுதியது. மூலையில் கருப்பு.

தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் பின்னால் வாசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். நல்ல செய்தி எழுதிய கடிதத்தின் மூலைகளில் மஞ்சள் தடவுவார்கள். இழவுச் செய்தி எழுதிய கடிதத்தின் மூலையில் கருப்பு வைப்பார்கள். கருப்பு வைத்த கடிதம் நிலைப்படியைத் தாண்டக்கூடாது. வாசலில் நின்று வாசித்து, அங்கேயே கிழித்தெறிந்து, குளித்த பிறகே வீட்டுக்குள் நுழைய வேண்டும்.

பெரியப்பா கடிதத்தை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு இறங்கினார். "அண்ணாச்சியக் கூட்டிட்டு வா" என்றார். வாத்தியார் அந்த வாரம் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தார். தெருவில் வேறு எழுத்தறிந்தவர் என்று பெயர் எடுத்தவர் அண்ணாச்சி ஒருவரே.

அவர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். மூலையைப் பார்த்தார். பசையைப் பிரித்து, கண்ணாடியை மூக்கில் பொருத்தி, தாளை ஒரு முறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். உதடு அசைந்தது. பெரியம்மையும் மதினியும் வாசற்படிக்கு உள்ளே நின்றார்கள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. இழவுக் கடிதத்தில் எப்போது, எப்படி என்று கேட்டு வாசிக்கச் சொல்வது வழக்கமில்லை. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாரும் ஆத்துக்குப் போயிக் குளிங்க" என்றார்.

அவர் சொன்னது அந்த ஒரு வாக்கியந்தான். செத்துவிட்டான் என்று அவர் வாயால் சொல்லவில்லை என்பதை எத்தனையோ ஆண்டுகள் கழித்தே நான் எண்ணிப் பார்த்தேன். கடிதத்தை நான்காகக் கிழித்துக் கால்வாய் ஓரத்து வேலியில் எறிந்தார்.

பெரியம்மை கத்தவில்லை. என் தலைமேல் கை வைத்துக்கொண்டு, என் முடியின் நுனி வரை தடவிக்கொண்டே வந்தார். அங்கே கை நின்றுவிட்டது. மதினி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து ஆளுக்கொரு பக்கமாக அவரைத் தூக்கி ஆற்றுக்குக் கொண்டு போனார்கள்.

நானும் ஆற்றில் முங்கினேன். எழுந்து பார்த்தால் என் பெருவிரல் கருப்பாகவே இருந்தது. எண்ணெய் குழைத்த மை தண்ணீருக்குப் போகாது. மணலில் தேய்த்தேன், நகக்கண்ணில் தங்கிவிட்டது. ஐயா, மைத்தட்டை நான் மறந்தே போனேன். கடிதத்தில் இருந்த சாவு என் விரலில் ஒட்டிக்கொண்டது என்று நம்பினேன். பல நாள்கள் பெருவிரலை உள்ளே மடக்கிக் கையை மூடியே வைத்திருந்தேன். சோறு உண்ணும்போது மட்டும் திறப்பேன். துக்கத்தில் கிடந்த பெரியவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

வேலியில் கிடந்த துண்டுகளை, தபால் தலைக்கு ஆசைப்பட்டு, மறுநாள் பொறுக்கினேன். மூன்று கிடைத்தன. நான்காவது கால்வாயில் போயிருக்க வேண்டும். இழவுக் கடிதத்தை வீட்டுக்குள் கொண்டு வந்தது தெரிந்தால் அடி விழும் என்பதால், என் சோழிகள் கிடந்த கொட்டான் என்ற சின்ன ஓலைப் பெட்டியின் அடியில் வைத்து மூடினேன். வாத்தியார் பாளையங்கோட்டையிலிருந்து திரும்பி, துக்கம் கேட்க வந்தார்.

"யாரு வாசிச்சா?" என்று கேட்டார்.

"அண்ணாச்சி வாசிச்சாரு."

"அவரா?" என்றார். "அந்தக் கடுதாசிய நான் ஒருக்க பாக்கலாமா?"

இழவுக் கடிதத்தை யாராவது எடுத்து வைப்பார்களா என்று எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கிறிஸ்தவர்; வேதக்காரருக்கு நம் முறைமை தெரியாது என்று ஒருவர் முணுமுணுத்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஓலைக் கொட்டான் என் மடியில் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

உடல் இல்லாத சாவுக்குத் தர்ப்பையாலும் பலாச இலையாலும் ஓர் உருவம் செய்து எரிப்பார்கள். முகம் வைக்க வேறொன்றும் இல்லாததால் அந்தப் புகைப்படத்தை உருவத்தின் தலைமாட்டில் வைத்தார்கள். மைக் குடுமியோடு அது சுருண்டு எரிந்தது. பிள்ளை இல்லாத மகனுக்குத் தகப்பனே கொள்ளி வைத்தார். பதினாறாம் நாள் மதினியை ஆற்றுக்கு அழைத்துப் போய்த் தாலியைக் கழற்றினார்கள். மிச்சமிருந்த கண்மை போக ஒருத்தி தட்டைச் சாம்பல் போட்டுத் துலக்கிக் கவிழ்த்து வைத்தாள்.

பெரியம்மை அதன் பின்பும் எனக்குத் தலை வாரினார். அளக்கவில்லை. ஒரே ஒரு நாள் பழக்கத்தில் அவருடைய விரல்கள் பிடரியில் வந்து பதிந்து, ஒன்று, இரண்டு என்று இறங்கின. மூன்றில் நின்றன. சீப்பை என் தலையிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த ஆண்டு பிசான நெல் கதிர் தள்ளும்போது காலமானார். நோய் என்று சொல்ல ஒன்றுமில்லை.

மதினி சுவரைப் பார்த்தபடியே இருந்ததால், பாளையங்கோட்டையிலிருந்து வாரம் ஒருமுறை எங்கள் பக்கத்துக்கு வந்துகொண்டிருந்த வேதக்கார அம்மாள் ஒருவரை வீட்டுக்குள் வர பெரியப்பா அனுமதித்தார். அந்த அம்மாள் மதினிக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். மதினி கேட்டாரோ இல்லையோ, நெல் புடைத்துக்கொண்டிருந்த நான் கேட்டேன். சில மாதங்களில் அந்த அம்மாள் வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் விட்டுச் சென்ற அச்சுத் தாள்கள் என்னிடம் தங்கின. அவற்றை வைத்து நானே வாசிக்கப் பழகினேன். அச்செழுத்து வசப்பட்ட பிறகு கொட்டானைத் திறந்து துண்டுகளை எடுத்தேன். ஓர் எழுத்துக்கூட விளங்கவில்லை. கையெழுத்தில் புள்ளி இல்லை. கொம்பும் காலும் ஒன்றுபோல் இருந்தன. அன்றுதான் அண்ணாச்சி கண்ணாடி போட்டுக்கொண்டு எதைப் பார்த்தார் என்பது எனக்குப் புரிந்தது. அவர் அச்செழுத்து மட்டுமே அறிந்தவர்.

இன்னும் ஓராண்டு பிடித்தது. எனக்கு வயது பதின்மூன்று. மதினி சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தபோது அவர் முன்னால் உட்கார்ந்து, தரையில் இரண்டு மேல் துண்டுகளையும் பொருத்தி வைத்து வாசித்தேன். மேல்பாதி முழுமையாக இருந்தது. அது இது:

"அப்பா அம்மை பாதங்களுக்கு. இது நானே கைப்பட எழுதும் முதல் கடிதம். இரண்டு வருஷமாய்ப் பழகினேன். குடுமியை நானாய் எடுக்கவில்லை. விஷசுரத்தில் கிடந்தபோது ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். கலவரப்படுவீர்கள் என்று அப்போது எழுதவில்லை. பிழைத்தேன் என்று காட்டவே படம் எடுத்து அனுப்பினேன். இப்போது முடி வளர்ந்துவிட்டது. தோளைத் தொடுகிறது."

சுளகு நின்றது. மதினி உளுந்தைத் தரையில் கொட்டிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கீழ்த் துண்டையும் கேட்டு வாங்கினார். கீழ்ப்பாதியில் இடப்பக்கம் மட்டுமே எங்களிடம் இருந்தது. வரிகள் பாதியில் அறுந்திருந்தன. "உங்கள் பதில் கண்டால் தை மா". அடுத்த வரி, "பதில் வராவிட்டால் நான் வேண்டாம் என்று". அதற்கடுத்து, "இனி எழுதி உங்களை". கடைசி வரி, "கடை மாறிவிட்டேன். இப்போது இருக்கும் இடம்". அவ்வளவுதான். இடத்தின் பெயர் கால்வாயில் போன துண்டில் இருந்தது.

அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முதல் துண்டைத் திருப்பி மூலையைப் பார்த்தார். கருப்பு இன்னும் மங்கவில்லை. வெயிலில் சாய்த்துப் பிடித்தார். அதற்குள் சிறு சிறு வளைகோடுகள் தெரிந்தன. என் வலக்கையைப் பிடித்து, பெருவிரலை அந்த அடையாளத்தின்மேல் வைத்தார். என் விரல் இப்போது பெரிது. அடையாளம் அதற்குள் மறைந்துவிட்டது.

"அன்னைக்கு மைத்தட்டுல விரல் வச்சது நீதானட்டி?"

தலையாட்டினேன். அந்த நொடியில்தான் அது எனக்கே தெரிந்தது.

அவர் என் கையை விடவில்லை. வெகுநேரம் கழித்து அந்த மூலையை மட்டும் நகத்தால் கிள்ளியெடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "இது எங்கிட்ட இருக்கட்டும். மத்தத ஒம் பெரியப்பாட்ட வாசிச்சுக் காட்டு" என்றார்.

பெரியப்பா தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் வாசிக்க வாசிக்க வாளியைக் கீழே வைக்காமலே நின்றார்.

"திரும்ப வாசி."

வாசித்தேன்.

"எம்புட்டு வளந்துருக்காம்?"

"தோளத் தொடுதாம் பெரியப்பா."

அவர் தம் தோளில் விரலை வைத்தார். "இங்கன வரைக்குமா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "பின்ன எதுக்குக் கருப்பு வச்சான்?"

மதினி கதவோரத்திலிருந்து, "கப்பல்ல கரி பட்டுருக்கும் மாமா" என்றார்.

பெரியப்பா அண்ணாச்சியின் கடைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். சண்டை வரும் என்று நினைத்தேன். அண்ணாச்சி தராசைப் பார்த்துக்கொண்டே, "கருப்பு இருந்துச்சே வே. கருப்பு இருந்தா வேற என்னத்த எழுதியிருப்பான்?" என்றார். பெரியப்பா, "ஆமா" என்றார். வீட்டுக்குத் திரும்பினார்.

மறுநாள் காலையில் அவர் கால்வாய்க் கரை வேலியை ஒரு கம்பால் விலக்கி விலக்கித் தேடிக்கொண்டிருந்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன் தண்ணீரோடு போன காகிதம். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

பழைய துணிக்கடையின் விலாசத்துக்கு நான் கடிதம் எழுதினேன். பெரியப்பா சொல்லச் சொல்ல எழுதினேன்: "முடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வா." யுத்தம் நடந்த காலம். பத்து மாதம் கழித்து அந்தக் கடிதமே பல முத்திரைகளோடு திரும்பி வந்தது. வாத்தியார் மேலே இருந்த ஆங்கிலத்தை வாசித்து, அப்படி ஒருவர் அங்கே இல்லை என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். இல்லை என்றால் இறந்துவிட்டாரா, இடம் மாறிவிட்டாரா என்று பெரியப்பா கேட்டார். அதை இதில் எழுதவில்லை என்றார் வாத்தியார். பினாங்குக்குப் போகிறவர், வருகிறவர் எல்லோரிடமும் விசாரித்தோம். தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

ஒருநாள் பெரியப்பா மதினியிடம், "ஏ தாயி, அவன் உசிரோட இருக்கான்ல. நீ பழையபடி தாலியக் கட்டிக்கிடு" என்றார்.

"யாரு மாமா கட்டுவா?" என்றார் மதினி.

அவர் தொழுவத்துக்குப் போய்விட்டார். மதினி வெள்ளைச் சேலையை மாற்றவில்லை. ஆனால் அண்ணனுக்குத் திதி கொடுப்பதை அந்த ஆண்டோடு நிறுத்தினார்கள். இருக்கிறார் என்று வாழவும் இல்லை. இல்லை என்று அழவும் இல்லை. மதினி அப்படியே நாற்பது ஆண்டுகள் இருந்தார்.

பெரியப்பா இறந்தபோது பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் கொள்ளி வைத்தான். அவனுக்குக் கிராப்புத் தலை. அதற்குள் தெருவில் பாதிப் பேருக்குக் கிராப்புத் தலைதான். யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மதினி காலமான பின்பு அவருடைய பெட்டியைத் திறந்தேன். மடித்த வெள்ளைத் துணியில் அந்த மூலை இருந்தது. என் விரலைப் பற்றி அவர் எவரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் இரண்டாம் முறை பேசவில்லை. கடிந்திருக்கலாம். கடியாததால் அது எனக்குள்ளேயே தங்கிவிட்டது. ஏழு வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும் என்று தாங்கள் சொல்வீர்கள். நானும் அப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வாத்தியார் கடிதத்தைக் கேட்ட அன்று கொட்டான் என் மடியில் இருந்தது என்பதை அந்தச் சமாதானத்தால் மாற்ற முடியவில்லை. அன்று மூன்று துண்டுகளையும் அவர் கையில் கொடுத்திருந்தால், தை மாதத்துக்கு இன்னும் நாள் இருந்தது.

அண்ணன் பதிலுக்காக எவ்வளவு காலம் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. தம் தகப்பன் தம்மை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவே நம்பி அவர் எங்கோ வாழ்ந்து முடிந்திருப்பார். இப்போது அவர் இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருக்கும், இருக்க வழியில்லை. பிள்ளைகள் இருந்தால், தங்கள் தகப்பனார் நெல்லைச் சீமையில் ஒரு வீட்டால் தள்ளப்பட்டவர் என்று அவர்கள் கேட்டு வளர்ந்திருக்கக் கூடும்.

மூன்று துண்டுகளையும், அந்த மூலையையும், திரும்பி வந்த எங்கள் கடிதத்தையும் இத்துடன் ஓர் உறையில் வைத்திருக்கிறேன். அவர் கேட்ட பதில் இது. எழுபது ஆண்டுகள் பிந்திவிட்டது. அவர் வழியில் யாராவது தேடி வந்தால் கொடுப்பதற்காக, இதைத் தாங்கள் எறிந்துவிடாமல் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.